ஓடிபி வந்துச்சா?

என் அக்காவுக்கு அவள் புகுந்த வீட்டில் வைத்த பட்டப்பெயர் பெட்டகம். வைத்தவன் அவளுடைய கொழுந்தன். கிண்டலுக்கு வைத்ததில்லை, பெருமையாகத்தான் வைத்தான். ஆனால் பெட்டகம் என்றால் என்ன? சுவரோடு சேர்த்துப் பதித்துவிடுவார்கள். அது எங்கேயும் போகாது. வேண்டும்போது வந்து திறந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த மனுஷன் இதையெல்லாம் யோசித்திருக்க மாட்டான். யோசிக்கிற ஆளாக இருந்திருந்தால் அக்கா கூடத்து ஜன்னலோரமே கதியென்று கிடந்திருக்க மாட்டாள்.

அவளுடைய போனை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதே போனை அவளோடு கடைக்குப் போய் நானும்தான் வாங்கினேன். என்னுடையது எப்போதோ செத்துப்போய், அதற்கப்புறம் வந்ததும் செத்துப்போய்விட்டது. அவளுடையதில் ஒரு கீறல் கிடையாது. திரைமேல் ஒட்டுக்கண்ணாடி, அதற்கு மேல் மூடி, அதற்கும் மேல் பழைய ரவிக்கைத் துணியில் அவளே தைத்த உறை. சார்ஜை முழுசாக இறங்கவும் விடமாட்டாள், நூறு வரைக்கும் ஏறவும் விடமாட்டாள். சார்ஜில் போட்டுக்கொண்டு பேசமாட்டாள். தலையணைக்கடியில் வைக்கமாட்டாள். அடுப்புப் பக்கம் கொண்டுபோகமாட்டாள். வானம் இடித்தால், மாடிக்குத் துணி எடுக்க ஓடுவதற்கு முன்னால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுத்தான் ஓடுவாள்.

ஏமாற்றுக்காரர்கள் அவளிடம் வாலாட்ட முடியாது. ஒருநாள் நான் பக்கத்தில் இருக்கும்போதே ஒரு அழைப்பு வந்தது. "மேடம், பேங்க்லேருந்து பேசறோம். இன்னிக்கு உங்க கார்டு பிளாக் ஆகப்போகுது."

"அப்படியா தம்பி? ரொம்ப நல்லது. நானே பிளாக் பண்ணணும்னு நெனச்சிட்டிருந்தேன், நீங்களே பண்ணிடுங்க" என்றாள். பாவம், அவனுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் இதற்குப் பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை போலிருக்கிறது. அவனே வைத்துவிட்டான்.

வீட்டில் எல்லோருக்கும் அவள் ஓயாமல் சொல்லுவது ஒன்றுதான். "ஓடிபி வந்தா, எதுக்கு வந்துதுன்னு மெசேஜை முழுசா படிச்சிட்டு அப்புறம் நம்பரைப் பாருங்க. ஆஸ்பத்திரிம்பான், ஆக்சிடெண்டும்பான், போலீஸும்பான். நாம பதறணும், அதான் அவனுக்கு வேணும். பதறினா படிக்க மாட்டோம்." சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் காதில் கூடப் போட்டுக்கொள்ளாமல் தலையை ஆட்டுவார்கள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவர் எங்கள் மாமா. டைல்ஸ் கடையில் விற்பனையாளர். வாய் ஜாலம் பார்த்தால் செங்கல்லைக் கூட சலவைக்கல் என்று விற்றுவிடுவார். போன் மட்டும் அவர் கையில் தங்காது. ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டார். இன்னொன்றை வண்டியில் போகும்போது தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசி, நடுரோட்டில் விட்டார். பின்னால் வந்த லாரி மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. அடுத்ததில் 'இலவச ரீசார்ஜ்' என்று வந்த லிங்க்கைத் தட்டினார். அதற்கப்புறம் ஒரு வாரம், சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவர் நம்பரிலிருந்து கண்றாவி கண்றாவியாக மெசேஜ் போனது. அவருடைய அப்பாவுக்கே போனது! அந்தப் பெரியவர் மகன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே ரொம்ப நாள் ஆனது.

அந்தக் களேபரத்தில்தான் கொழுந்தன் வாயைத் திறந்தான். "பேசாம எல்லாத்துக்கும் அண்ணி நம்பரைக் குடுத்துடலாம். அண்ணி பெட்டகம் மாதிரி. யாரும் ஒண்ணும் அசைக்க முடியாது."

எல்லோருக்கும் அது சரியென்று பட்டது. அக்காவுக்கும் பட்டது, அதுதான் கொடுமை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் அவளை நம்பி ஒன்றும் ஒப்படைத்ததில்லை. முகமெல்லாம் பூரித்துப்போய்ச் சரியென்றாள். முதலில் மாமாவின் பேங்க். அப்புறம் மாமனாரின் பென்ஷன், வைத்திய அட்டை. அப்புறம் கொழுந்தனின் கேஸ் சிலிண்டர், கரண்ட், வண்டி இன்சூரன்ஸ். நாத்தனார் சும்மா இருப்பாளா? "எங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணும் தெரியாது அண்ணி" என்று மொத்தக் குடும்பத்தையும் கொண்டுவந்து அக்கா தலையில் கட்டினாள். கடைசியில், ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் அக்காவின் மகன். அவன் காலேஜ் ஃபீஸ், பஸ் டிக்கெட், சாப்பாடு ஆர்டர் செய்கிற ஆப், எல்லாம் அம்மா நம்பர்தான்.

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள்.

"அண்ணி, ஓடிபி வந்துச்சா?" "அம்மா, ஓடிபி!" "ஏய், வந்துச்சா இல்லையா? டைம் முடியப்போகுது, சீக்கிரம் சொல்லு!" காலையில் கண் விழித்தது முதல் இதே பாட்டு. குளிக்கப் போனால் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கதவுக் கொக்கியில் மாட்டிக்கொண்டு குளிப்பாள். சோப்புக் கையோடு நம்பர் சொன்ன கதையெல்லாம் உண்டு. சினிமாவுக்குப் போனால் கதவோரச் சீட்டில்தான் உட்காருவாள். பாதிப் படம் அவளுக்கு வராந்தாவில்தான் ஓடும். எங்கள் சித்தி மகள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். எல்லாப் படத்திலும் அக்காவின் கையில் போன் இருக்கும், பார்வையும் அதில்தான் இருக்கும்.

அந்த வீட்டில் சிக்னல் சரியாகக் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று, கூடத்து ஜன்னல். சமையலறையில் இரண்டு கோடு, படுக்கையறையில் அதுவும் இல்லை. அதனால் அக்கா ஜன்னலுக்குக் குடிபெயர்ந்தாள். காய் நறுக்குவது அங்கே, துணி மடிப்பது அங்கே, மத்தியானம் கண்ணயர்வதும் அங்கே சுவரில் சாய்ந்தபடியே. ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர், நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய். வருஷக் கணக்கில் அவள் பார்த்த உலகம் அவ்வளவுதான்.

ஒருமுறை என்னோடு பேருந்தில் மலைப்பக்கம் ஒரு பயணம் வந்தாள். நான்தான் மல்லுக்கட்டி இழுத்துக்கொண்டு போனேன். மேலே ஏற ஏற சிக்னல் போய்விட்டது. நான் பனியைப் பார்க்கிறேன், பள்ளத்தாக்கைப் பார்க்கிறேன், இவள் போனைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறாள். கீழே இறங்கியதும் மெசேஜ்கள் படபடவென்று கொட்டின. நாத்தனாரின் கேஸ் பதிவு அன்றைக்கு முடியவில்லையாம். "உங்களுக்கு ஊர் சுத்தணும்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணி" என்று கேட்டாள் அந்த மகராசி. அதற்கப்புறம் நான் எங்கே கூப்பிட்டாலும் அக்கா வந்ததில்லை.

நான் மருந்துக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாத்திரை அட்டைகள் பெல்ட்டில் வரும். விளக்கு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, மாத்திரை இல்லாத குழி, உடைந்த மாத்திரை, சரியாக ஒட்டாத அட்டை, இதையெல்லாம் பொறுக்கி எடுக்க வேண்டும். உள்ளே போக தொப்பி, முகக்கவசம், அங்கி, கையுறை. மோதிரம், வளையல் கூடாது. போன் கூடவே கூடாது. வாசலில் செக்யூரிட்டியிடம் அணைத்துக் கொடுத்தால் மரத்தட்டில் வைத்து டோக்கன் தருவார்.

ஒருநாள் நான் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது அக்கா ஜன்னலோரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திடீரென்று கேட்டாள். "உங்க கம்பெனில ஆள் எடுக்கறாங்களாடி?"

"எடுக்கறாங்க. யாருக்குக் கேக்கற?"

"எனக்குத்தான்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"காலையில இந்தக் கதவைத் தாண்டி வெளிய போகணும்டி. சாயங்காலம் திரும்பி வரணும். நடுவுல யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. அவ்ளோதான் எனக்கு ஆசை. மூச்சு முட்டுது."

அவள் எதையும் ஆசையென்று சொல்லி நான் கேட்டதில்லை. சூப்பர்வைசர் மேடத்திடம் அன்றே பேசினேன். வயது ஒரு பொருட்டில்லை, கண் நன்றாக இருக்க வேண்டும், ஒருநாள் முழுக்க உட்கார வைத்துப் பார்ப்பேன், தாக்குப்பிடித்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

வீட்டில் சொன்னதற்கு மாமா பெருந்தன்மையாகத்தான் பேசினார். "தாராளமா போ. யாரு வேணாங்கறா? போனை மட்டும் வீட்ல வச்சிட்டுப் போ, நாங்க பாத்துக்கறோம்."

"யாரு பாத்துப்பீங்க? நீங்களா?" என்றாள் அக்கா. நாலு குடும்பத்துச் சாவியை இந்த மனுஷன் கையில் கொடுத்துவிட்டு அவளால் நிம்மதியாக மாத்திரை பொறுக்க முடியுமா? திங்கட்கிழமை காலை முதல் மாலை வரை போன் அணைந்திருக்கும், அவசரமானதையெல்லாம் முதல் நாளே முடித்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். எல்லோரும் சரி சரி என்றார்கள். மாமாவுக்கு இரண்டு தரம் சொன்னாள்.

அன்றைக்கு அவள் அங்கியும் தொப்பியுமாக என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்ததைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. முதல் அரைமணி நேரம் கை தன்னால் இடுப்புக்குப் போய்ப்போய் வந்தது. இல்லாத போனைத் தேடுகிறது. அப்புறம் அடங்கியது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அப்படிப் பார்த்தாள். புதிதாக வருகிறவர்கள் காலை முழுக்கத் தடுமாறுவார்கள். இவள் எடுத்த எடுப்பில், மேல்வரிசை மூலையில் மாத்திரை இல்லாத ஓர் அட்டையை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள். சூப்பர்வைசர் மேடம் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நல்ல அர்த்தத்தில்தான்.

சாப்பாட்டு வேளைக்குக் கொஞ்சம் முன்னால், மேடம் வேகமாக வந்து அவள் தோளைத் தொட்டார். "உங்க வீட்டுக்காரர் கேட்ல நிக்கறாராம். வீட்ல யாருக்கோ சீரியஸாம். போங்க, சீக்கிரம் போங்க."

அக்கா எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. நானும் எழுந்தேன். "நீ உக்காரு, லைன் நின்னுடும்" என்றார் மேடம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் அங்கியைக் கழற்றத் தெரியாமல் இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

அப்புறம் நடந்ததை அவள் வாயாலேயே பின்னால் கேட்டேன். கேட்டில் மாமா வியர்த்து விறுவிறுத்து நின்றிருக்கிறார். "அப்பாவை ஆஸ்பத்திரில சேத்திருக்கு. தம்பி அங்கதான் நிக்கறான். கார்டைப் போட்டா உன் நம்பருக்கு ஓடிபி போவுதாம். போனை ஆன் பண்ணு, ஆன் பண்ணு!" அவள் கையிலிருந்து டோக்கன் கீழே விழுந்து, செக்யூரிட்டிதான் எடுத்துக் கொடுத்திருக்கிறார். போன் உயிர் பெறுகிறவரைக்கும் அழுதுகொண்டே நின்றாளாம். மெசேஜ் வந்ததும் ஆறு நம்பரையும் கடகடவென்று ஒப்பித்தாள். மாமா தம்பிக்குப் போன் போட்டு அதை அப்படியே சொன்னார்.

"எந்த ஆஸ்பத்திரிங்க?" என்று வண்டியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

"இப்ப பரவால்லையாம். வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டாங்களாம்."

"அதுக்குள்ளயா?"

மாமா வண்டியை முடுக்கினாராம்.

மாமனாருக்குத்தான் முடியவில்லையாம் என்று கேட்டில் செக்யூரிட்டி சொன்னதைக் கேட்டு, வேலை முடிந்த கையோடு அலறியடித்துக்கொண்டு நான் அந்த வீட்டுக்கு ஓடினேன். படியேறும்போதே கைதட்டல் சத்தம். உள்ளே போனால், கூடத்தில் புது டிவி. அதில் மேட்ச். மாமா, கொழுந்தன், நடுவில் நாற்காலி போட்டு, சீரியஸாகக் கிடப்பதாகச் சொல்லப்பட்ட மாமனார். குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

"வாம்மா" என்றார் என்னைப் பார்த்து. "நல்லாருக்கியா?"

"நான் நல்லாத்தான் இருக்கேன். உங்களுக்கு என்ன ஆச்சு?"

"எனக்கென்ன? எனக்கு ஒண்ணுமில்லையே." பெரியவருக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது. தன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த விஷயமே அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். போனை என்னிடம் நீட்டினாள். மெசேஜின் முதல் வரியிலேயே இருந்தது: உங்கள் ஸ்போர்ட்ஸ் ஆப் கணக்கைப் புதிய டிவியில் திறப்பதற்கான எண். கொட்டை எழுத்தில் இருந்தது. கண் இருக்கிற யாருக்கும் தெரியும்.

"நான் படிக்கலைடி" என்றாள். "நம்பரை மட்டும் பாத்தேன். மேல என்ன எழுதியிருக்குன்னு படிக்கவே இல்லை. ஊருக்கெல்லாம் சொல்லுவேன், நான் படிக்கலை."

இவள் தன்னையே திட்டிக்கொள்கிறாள்! எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். டிவிக்கும் மாமாவுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"ஏன் மாமா, மேட்ச் பாக்கறதுக்கு அப்பாவையா சாகக் கெடத்துவாங்க?"

"சாகன்னு யாரு சொன்னா? ஒடம்பு சரியில்லன்னுதான் சொன்னேன்" என்றார். "ஆறு நம்பர் சொல்றதுக்கு அரை நிமிஷம். உங்க கம்பெனில மனுஷனை உள்ள விடமாட்டேங்கறான். வேற என்னதான் பண்றது?"

"நாளைக்குப் பாத்தா ஆகாதா?"

"நாளைக்கு என்ன மேட்ச் இருக்கு?" என்றான் கொழுந்தன். அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. நாளைக்கு மேட்ச் இல்லை என்பது எனக்குத் தெரியாது என்று நினைத்து நிஜமாகவே விளக்குகிறான்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இன்னும் நாலு கேட்டிருப்பேன். அதற்குள் அக்கா எழுந்து வந்தாள். டிவியை அணைக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

"திருட்டுப் பசங்க எப்படிப் பேசுவாங்கன்னு நான்தான் உங்களுக்குச் சொல்லிக்குடுத்தேன்" என்றாள் மாமாவைப் பார்த்து. "அவங்க யாரும் இதுவரைக்கும் என்னை ஏமாத்தினதில்லை. நீங்க ஏமாத்திட்டீங்க."

மாமா ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம். எல்லாரும் அவங்கவங்க நம்பரை மாத்திக்கோங்க. அதுக்கப்புறம் இந்த சிம்மை ஒப்படைச்சிட்டு வேற சிம் வாங்கப்போறேன். மாத்தாதவங்க நடுத்தெருவுல நின்னா நான் பொறுப்பில்லை."

முதல் இரண்டு நாள் யாரும் நம்பவில்லை. இவள் எங்கே செய்யப்போகிறாள் என்றிருந்தார்கள். சிம் கடைக்குப் போய், என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று அவள் விசாரித்த செய்தி பரவியதும் பிடித்தது ஓட்டம். ஒவ்வொன்றையும் மாற்றுவதற்குப் பழைய நம்பருக்கு ஓர் ஓடிபி, புது நம்பருக்கு ஓர் ஓடிபி. அவளிடமிருந்து விடுபடுவதற்கும் அவளிடம்தான் வர வேண்டும். ஜன்னல் முன்னால் வரிசை கட்டினார்கள். நாத்தனார் பழமும் பிஸ்கட்டுமாக வந்து, "உங்களை விட்டா எங்களுக்கு யாரு அண்ணி இருக்கா" என்று கண்ணைக் கசக்கினாள். அக்கா பிஸ்கட்டை மாமனாரிடம் கொடுத்துவிட்டு, "மொதல்ல கேஸை முடிச்சிடலாம், புது நம்பரைச் சொல்லுங்க" என்றாள்.

மகனுக்குப் போனிலேயே எல்லாம் முடிந்தது. அவனுக்கு மட்டும் இது ஒரு பொருட்டாகவே இல்லை. "இதை மொதல்லயே பண்ணியிருக்கலாம்மா, செம ஈஸி" என்றானாம்.

கடைசி ஆள் மாமா. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சனிக்கிழமை வரை அசையவில்லை. அக்காவே அவரை பேங்க்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். கவுண்டரில் நின்று கையெழுத்துப் போட வைத்தாள். அவர் போனுக்குப் பூட்டு வைக்கச் சொன்னதற்கு மனுஷன் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று போட்டிருக்கிறார். "இதுக்குப் பூட்டாமலே வச்சுக்கலாம்" என்று திட்டி, மாற்ற வைத்துவிட்டுத்தான் விட்டாள். எல்லோரும் கழன்றுகொண்டபிறகு சிம்மை ஒப்படைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. அதே நம்பர், அதே உறை, அவளிடமே இருந்தது.

நான் சூப்பர்வைசர் மேடத்தின் காலில் விழாத குறை. நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். மேட்ச் விஷயம் வந்ததும் அவர் கையிலிருந்த பேனாவை மேஜையில் போட்டார். "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. "திங்கக்கிழமை வரச் சொல்லு."

வந்தாள். நாள் முழுக்க ஒருவரும் வந்து தோளைத் தொடவில்லை. சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் திறந்து, கடைசி வாய் வரை உட்கார்ந்த இடத்திலிருந்து எழாமல் சாப்பிட்டாள். "சோறு கடைசி வரைக்கும் சூடா இருந்துச்சுடி" என்று அதை ஒரு அதிசயம் போலச் சொன்னாள். சாயங்காலம் மேடம் அவள் பெயரை எழுதிக்கொண்டு, நாளையிலிருந்து ஒழுங்காக வந்துவிடு என்றார். வெளியே வரும்போது அவள் நடையே வேறாக இருந்தது.

கேட்டில் எல்லோரும் டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கினோம். பெண்கள் கூட்டம் மொத்தமும் குனிந்த தலையோடு நின்றது. போன்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றுக் கத்தின. ஒருத்தி புருஷனிடம் எரிந்து விழுந்தாள், இன்னொருத்தி மகளிடம் பால் வாங்கி வைத்தாயா என்று கேட்டாள். எனக்கே ஏழெட்டு வந்திருந்தது, எல்லாம் விளம்பரம்.

அக்காவின் போன் சத்தம் போடவில்லை. கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தாள். அணைத்துவிட்டு மறுபடி போட்டாள்.

"இங்க சிக்னல் இல்லையாடி?"

"ஃபுல்லா இருக்கே."

"எங்க, நீ ஒரு கால் போடு."

போட்டேன். அவள் கையில் மணி அடித்தது. பார்த்துவிட்டுத் துண்டித்தாள். "வேலை செய்யுது" என்றாள்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் நான் பாட்டுக்கு வளவளவென்று, நாளைக்கு எந்த மேஜை கிடைக்கும், எந்த மேஜையில் காற்று வரும் என்று பேசிக்கொண்டே வந்தேன். நிறுத்தத்தில் நின்றதும் அவள் சொன்னாள்.

"இந்நேரம் பையன் கூப்பிடுவான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆர்டர் போடற நேரம்."

"இப்பதான் அவன் நம்பருக்கே போகுதே. எதுக்குக் கூப்பிடப்போறான்?"

"ஆமா" என்றாள். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "அவன் ஓடிபி கேக்கறப்பல்லாம் நான் ஒண்ணு பண்ணுவேன்டி. மொதல்ல மூணு நம்பரைத்தான் சொல்லுவேன். சொல்லிட்டு, மத்தியானம் சாப்பிட்டியான்னு கேப்பேன். அவன் சாப்டேன்மா, சீக்கிரம் சொல்லும்மான்னு கத்துவான். அப்புறம்தான் மீதி மூணு."

நான் அவளைப் பார்த்தேன்.

"எல்லார்கிட்டயும் அப்படித்தான். நாத்தனார்கிட்ட மூணு சொல்லிட்டு முட்டிவலி எப்படி இருக்குன்னு கேப்பேன். இவர் கடையிலேருந்து கேட்டாக்கூட, மூணு சொல்லிட்டு, வர லேட்டாகுமான்னு கேப்பேன். நம்பருக்காகவாவது பதில் சொல்லுவாங்கல்ல?" சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "இன்னிக்கு மொத நாள் வேலைக்குப் போயிருக்கேன். எப்படி இருந்துச்சுன்னு ஒருத்தர் கேக்கலை பாரு."

நான் அவள்மேலேயே எரிந்து விழுந்தேன். "அவன் கூப்பிடலைன்னா நீ கூப்பிடேன்! உன் புள்ளதானே? உன் வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவள் உறையிலிருந்து போனை எடுத்தாள். என்ன பேசுவது என்று யோசிப்பவள் மாதிரி ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்தாள். அப்புறம் கூப்பிட்டாள். நிறுத்தத்துச் சத்தத்திலும் அவன் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது.

"என்னம்மா? என்னாச்சு? யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?"

"ஒண்ணும் ஆகலைப்பா."

"பின்ன எதுக்குக் கூப்பிட்ட?"

"சும்மாதான்."

"ஏதாவது ஓடிபி அந்த நம்பருக்கு வந்துச்சா?"

"இல்லப்பா. எதுவும் வரலை."

"அப்ப சரிம்மா, வச்சிடறேன்."

பஸ் வந்து நின்றது. ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு ஏறினார்கள். அக்கா ஏறவில்லை. ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, போனை இன்னொரு காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டாள். அவன் எப்போதோ வைத்துவிட்டிருந்தான்.